காசிமேட்டுப் படகுக்கு ஒரு பென்சில் ப்ரோப்: 3 மி.மீ. அல்ட்ராசவுண்ட் சென்சார் செய்த அனுபவம்

இரும்பு விசைப்படகின் அடிப்பிளேட் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் இன்றைக்கும் முதலில் கையில் எடுப்பது சுத்தியலைத்தான். வெல்டிங் வேலையில் தலை நரைத்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். படகைக் கரையேற்றியதும் அதன் வயிற்றுப் பக்கம் குனிந்து சாண் சாணாகத் தட்டிக்கொண்டே போவார். கணீரென்று கேட்டால் கை அடுத்த இடத்துக்குப் போகும். சத்தம் மழுங்கினால் அங்கே சாக்பீஸால் ஒரு வட்டம். வட்டம் போட்ட இடத்தை வெட்டி எடுத்துப் புது பிளேட் வைப்பார்கள். அவர் காது பெரும்பாலும் தப்பாது. ஆனால் எஞ்சின் பெட்டுக்குப் பின்னால், இரண்டு ஃப்ரேமுக்கு நடுவில், சுத்தியலை ஓங்கவே இடமில்லாத மூலைகள் உண்டு. அடித்தண்ணீர் தேங்கித் தேங்கி அதிகம் அரிப்பதும் அந்த மூலைகளைத்தான்.

நான் ராயபுரத்தில் எக்கோ சவுண்டர், அதாவது சத்தத்தை அனுப்பிக் கடலின் ஆழம் பார்க்கும் கருவி, ரிப்பேர் செய்கிறவன். படகுக்கு அடியில் பொருத்தும் 50, 200 கிலோஹெர்ட்ஸ் டிரான்ஸ்டியூசர்களை (மின்சாரத்தைச் சத்தமாகவும் சத்தத்தை மின்சாரமாகவும் மாற்றும் பாகம்) திறந்து பார்த்துப் பழக்கம். போன வருஷம் ஒரு படகு டிரைவர் கடைக்கு வந்து உட்கார்ந்தார். “இன்னா தம்பி, கடலுக்கு ஆழம் பாக்குறியே, தகடுக்கு ஆழம் பாக்க முடியாதா?” என்று கேட்டார். முடியும். சத்தத்தை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை அளப்பதுதான் இரண்டிலும் வேலை. ஒரு தடிமன் அளக்கும் மெஷினை வாடகைக்கு எடுத்துப் போனோம். அதன் ப்ரோப், அதாவது தகட்டில் வைத்து அளக்கும் முனை, கட்டைவிரல் பருமன். மூலைக்குள் கையோடு நுழையவில்லை. நுழைந்த இடத்திலும், குழி விழுந்த தகட்டின் மேல் பாதி முகம் ஒட்டாமல் அந்தரத்தில் நின்றது. மெல்லிய ப்ரோப்கள் விற்பனைக்கு இருக்கின்றன. விலையைச் சொன்னதும் அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளும் படகு கரையில்தான் இருக்கும். அதற்குள் நானே ஒன்று செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இந்தப் பதிவு அந்த வேலையின் கணக்கு. எதில் கெட்டது, எப்படிச் சரியானது என்பதைக் கூடுமானவரை அப்படியே எழுதியிருக்கிறேன்.

எவ்வளவு மெல்லிசு வேண்டும்?

சில வகைப் படிகங்களை அழுத்தினால் மின்னழுத்தம் பிறக்கும் என்று 1880இல் கண்டவர்கள் ழாக் க்யூரி, பியர் க்யூரி சகோதரர்கள். மின்னழுத்தம் கொடுத்தால் படிகம் அசையும் என்ற மறுபாதியை அடுத்த வருஷம் லிப்மன் கணக்குப் போட்டுச் சொன்னார். சகோதரர்கள் சோதித்து உறுதிசெய்தார்கள். முதல் உலகப் போரின்போது லாஞ்செவான் குவார்ட்ஸ் படிகத்தை வைத்து நீர்மூழ்கிகளைத் தேடும் கருவி செய்தார். காசிமேட்டு எக்கோ சவுண்டருக்கு அவர்தான் தாத்தா. இன்றைக்கு நாம் பயன்படுத்துவது பெரும்பாலும் பிஇசட்டி என்கிற செராமிக்: ஈயம், சிர்கோனியம், டைட்டானியம் மூன்றின் ஆக்சைடு.

பிஇசட்டி தகடு எந்த அதிர்வெண்ணில் பாடும் என்பதை அதன் தடிமன் தீர்மானிக்கிறது. தடிமன் அரை அலைநீளம் இருக்க வேண்டும். கையில் வைத்துக்கொள்ள எளிய கணக்கு: 1 மி.மீ. தடிமனுக்கு ஏறக்குறைய 2 மெகாஹெர்ட்ஸ். எனக்கு வேண்டியது 5 மெகாஹெர்ட்ஸ், ஆகவே 0.4 மி.மீ. இதயத்தின் ரத்தக் குழாய்க்குள் விடும் அல்ட்ராசவுண்ட் கதீட்டரில் 40 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போகிறார்கள். 40இல் தகடு 0.05 மி.மீ., தலைமுடி அளவு. சில விரல்ரேகை சென்சார்களில் சிலிக்கான் வேஃபர் மேல் பீசோ படலத்தை (அழுத்தினால் மின்னழுத்தம் தரும் பொருள்) படிய வைத்து ஆயிரக்கணக்கில் ஒரே தடவையில் செய்கிறார்கள். அதெல்லாம் தூசி நுழையாத அறையில் நடக்கிற வேலை. 0.4 மி.மீ. மட்டும் கைக்கு எட்டுகிற எல்லைக்குள் இருக்கிறது என்று நினைத்தேன். எட்டியது, ஆனால் நான் நினைத்த வழியில் இல்லை.

தேய்ப்பதும் அறுப்பதும்

மூலப்பொருள், ஹ்யூமிடிஃபயரில் தண்ணீரைப் புகையாக்கும் மிஸ்ட் மேக்கர் தட்டு. எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் கிடைக்கும். 20 மி.மீ. விட்டம், 1.7 மெகாஹெர்ட்ஸ், அளந்தால் ஏறக்குறைய 1.2 மி.மீ. தடிமன். பஸ்ஸரில் வரும் பித்தளைத் தட்டில் ஒட்டிய செராமிக் இதைவிட மெல்லிசுதான். ஆனால் பித்தளையை உரித்தெடுக்கும்போது அது அப்பளமாய் நொறுங்குகிறது. நான்கை நொறுக்கிய பிறகு அந்த எண்ணத்தை விட்டேன்.

ஆக 1.2 மி.மீ. தட்டை 0.4க்குக் கொண்டுவர வேண்டும். எதன் மேல் ஒட்டி வைத்துத் தேய்ப்பது? சூப்பர் க்ளூ வைத்தேன். தேய்த்து முடித்துப் பிரிக்கும்போது தட்டு மூன்றாகப் போனது. பழைய வண்ணாரப்பேட்டையில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவர் இருக்கிறார். போகிற போக்கில் அவரிடம் சொன்னேன். அவர் பேசாமல் உள்ளே போய் ஒரு கட்டி அரக்கைக் கொண்டுவந்து கொடுத்தார். “நாங்க நகைய எதுல பதிச்சு வேலை செய்றோம்னு நெனச்ச? சூடு காட்டுனா விடும், மிச்சத்த ஸ்பிரிட்ல போடு, கரைஞ்சிடும்.” அந்த ஒரு கட்டி அரக்கு என் இரண்டு வாரத்தை மிச்சப்படுத்தியது.

இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்து வைத்து, மிகக் குறைந்த சூட்டில், அதன் மேல் ஒரு கண்ணாடித் துண்டு. அரக்கு இளகியதும் தட்டை வைத்து அழுத்தி ஆறவிடுவது. சுற்றிலும் அதே தடிமனில் மூன்று உடைந்த செராமிக் துண்டுகளையும் ஒட்டிவிட வேண்டும். இவை இல்லாவிட்டால் தேய்க்கும்போது தட்டு ஒரு பக்கம் சாய்ந்து, நடுவில் 0.40, ஓரத்தில் 0.34 என்று வரும். 0.01 மி.மீ. வித்தியாசமே அதிர்வெண்ணை 125 கிலோஹெர்ட்ஸ் தள்ளிவிடும் என்பதால் இதில் கை சோம்பக் கூடாது.

இன்னொரு கண்ணாடிப் பலகையில் சிலிக்கான் கார்பைடு பொடியைத் தண்ணீரில் குழைத்து, அதன் மேல் எட்டுப் போட வேண்டும். லைசென்ஸ் எடுக்கும்போது பைக்கில் போடுகிற அதே எட்டு. முதலில் 220 நம்பர் பொடி, பிறகு அதைவிட நைசான 400, கடைசி 0.05 மி.மீ.க்கு 1000. இருபது எட்டுக்கு ஒரு முறை கண்ணாடியைக் கால் சுற்றுத் திருப்பிப் பிடிக்க வேண்டும். மூன்று மாலைகள் ஆயின. ஒரு பக்கத்தை மட்டும் தேய்த்தேன். மறுபக்கத்தில் தொழிற்சாலையில் சுட்டுப் பதித்த வெள்ளி அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன். தேய்த்த பக்கத்துக்கு மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயின்ட், மெல்லிய இரண்டு பூச்சு.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பிஇசட்டியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். காய்ந்த நிலையில் ஒரு தடவைகூடத் தேய்க்காதீர்கள். தண்ணீரோடுதான். கையுறை, முகமூடி இரண்டும் வேண்டும். சமையலறைப் பக்கமே போகக் கூடாது. என் வீட்டில் சின்னப் பெண் இருக்கிறாள். மொட்டை மாடியில் ஒரு மூலையை ஒதுக்கி, வேலை முடிந்ததும் சட்டையை அங்கேயே கழற்றித் தனியாகத் துவைத்தேன். தேய்த்த சேற்றைச் சாக்கடையில் ஊற்றவில்லை. மூடி போட்ட டப்பாவில் சேர்த்து, மேலே ‘ஈயம்’ என்று எழுதி, மின்கழிவு எடுக்கும் இடத்தில் சொல்லிவிட்டுக் கொடுத்தேன். நம் பக்கத்து மண்ணும் தண்ணீரும் ஏற்கெனவே எவ்வளவோ சுமக்கின்றன.

தேய்த்த தட்டை அரக்கில் இருந்து எடுக்காமலே, பல் டாக்டர்கள் பயன்படுத்தும் மெல்லிய டயமண்ட் வீலைச் சின்ன கிரைண்டரில் பூட்டி, 3 மி.மீ. சதுரமாக அறுத்தேன். ஒரே வெட்டில் ஆழம் போனால் ஓரம் பல் பல்லாக உதிரும். நான்கைந்து முறை மேலோட்டமாக, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டே போனால் ஓரம் சுத்தமாக வரும். முதல் தட்டில் 16 திட்டமிட்டேன். உருப்படியாகக் கிடைத்தது 11. ஒவ்வொன்றும் ஒரு ரவைக் கல் பருமன்கூட இல்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் கையாள முடியும்.

உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது

இவ்வளவு சின்னச் சில்லுக்கு இரண்டு பரிசோதனை வைத்துக்கொண்டேன். முதலாவது கொள்ளளவு. 3 மி.மீ. சதுரம், 0.4 மி.மீ. தடிமன் என்றால் கணக்குப்படி 250 பிகோஃபாரட் வாக்கில் வரவேண்டும். மிகக் குறைவாக வந்தால் வெள்ளிப் பூச்சு எங்கோ விட்டுப்போயிருக்கிறது. இரண்டாவது, நானோ விஎன்ஏ என்கிற கையடக்க அளவுகருவியில் அதிர்வெண்ணை 3இலிருந்து 7 மெகாஹெர்ட்ஸ் வரை ஓடவிட்டு, ஒவ்வொன்றிலும் சில்லு மின்சாரத்தை எவ்வளவு தடுக்கிறது என்கிற மின்மறுப்பைப் பார்ப்பது. நல்ல சில்லு ஒரு பள்ளத்தையும் அடுத்து ஒரு மேட்டையும் காட்டும். என் முதல் நல்ல சில்லில் பள்ளம் 4.95இல், மேடு 5.55இல். இவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியைச் சூத்திரத்தில் போட்டால், மின்சாரம் எவ்வளவு நன்றாக அசைவாக மாறுகிறது என்று சொல்லும் இணைப்புக் குணகம் 0.49 வந்தது. கையால் தேய்த்த சில்லுக்கு அது நிறைவான எண். அன்றைக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

மறுநாளே மூன்றைக் கொன்றேன். தொழிற்சாலை வெள்ளியில் சால்டர் பிடிக்கும் என்று தெரியும், அதற்கென வெள்ளி கலந்த சால்டர்கூட வாங்கியிருந்தேன். ஆனால் பெரிய டிரான்ஸ்டியூசருக்குப் பழகிய கை. அயர்னை இரண்டு மூன்று விநாடி வைத்தே எடுத்தேன். பெரிய தட்டு அந்தச் சூட்டைப் பரப்பிக்கொள்ளும். இந்தச் சில்லுக்குப் பரப்ப இடமே இல்லை, முழுதாகக் கொதித்துவிடும். செராமிக்குக்குள் ஒரே திசையில் அடுக்கி வைத்த ஒழுங்கு, க்யூரி வெப்பநிலையை நெருங்கினால் குலைந்துவிடும். இந்த வகைக்கு அது 300 டிகிரிக்கு மேலேதான், என் அயர்ன் 350இல் இருந்தது. பிறகு அளந்தால் கொள்ளளவு இருக்கிறது, ஸ்கோப்பில் (மின்னலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப்) எல்லாம் சரிபோலத் தெரிகிறது, ஆனால் விஎன்ஏவில் பள்ளமும் இல்லை மேடும் இல்லை. வழுவழுவென்று ஒரு கோடு. காதுகேட்ட சில்லு வெறும் கெப்பாசிட்டராகிக் கிடந்தது.

குலைந்த ஒழுங்கைத் திரும்ப வரவைக்கலாம். அதற்குப் பெயர் போலிங். சிலிக்கோன் எண்ணெயை 120 டிகிரிக்குச் சூடாக்கி, அதில் சில்லை மூழ்கடித்து, மி.மீ.க்கு 2.5 கிலோவோல்ட் கணக்கில், அதாவது என் 0.4க்கு 1000 வோல்ட் டிசி, 20 நிமிஷம் கொடுத்து, மின்சாரத்தை நிறுத்தாமலேயே ஆறவிட வேண்டும். மின்னோட்டம் எகிறாமலிருக்க 10 மெகாஓம் தொடரில் வைத்தேன். இது விளையாட்டில்லை. ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, பக்கத்தில் இன்னொருவரை நிறுத்தி வைத்துத்தான் செய்தேன். முதல் சில்லில் ஓரத்தில் நீலமாக ஒரு பொறி ஓடியது, இரண்டாகப் பிளந்தது. ஓரத்தில் படிந்திருந்த தேய்ப்புச் சேறுதான் காரணம் என்று லென்ஸில் பார்த்தபோது தெரிந்தது. மற்ற இரண்டையும் ஸ்பிரிட்டில் அலசிவிட்டு வைத்தேன். பிழைத்துக்கொண்டன. ஒரு நாள் சும்மா வைத்துவிட்டு அளந்தால்தான் நிலையான எண் கிடைக்கும்.

அதற்குப் பிறகு சூடே வைப்பதில்லை. வெள்ளி கலந்த எப்பாக்சியை ஊசி முனையால் புள்ளி வைத்து, மல்டி ஸ்ட்ராண்ட் வயரில் இருந்து உருவிய ஒரே ஒரு செம்பு இழையை ஒட்டுகிறேன்.

போலிங் திசையைக் குறித்து வைக்காமல் அறுத்துவிட்டதும் என் தவறு. சில்லுக்குக் கொடுக்கும் மின்துடிப்பு அதே திசையில் போனால்தான் அதற்கு நல்லது. சில்லைத் துணிக் கிளிப்பால் மெல்ல அழுத்தி ஸ்கோப்பில் முதல் துள்ளல் மேலேயா கீழேயா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு மூலையில் மார்க்கர் புள்ளி வைத்தேன். இப்போது அறுப்பதற்கு முன்பே முழுத் தட்டிலும் புள்ளி வைத்துவிடுகிறேன்.

முதுகு

இதுவரை எழுதியதெல்லாம் பாதி வேலைகூட இல்லை. நல்ல சில்லு கையில் இருந்தால் ப்ரோப் ஆகிவிட்டது என்று நானும் நினைத்தேன். 0.49 வந்த அந்தச் சில்லை 6 மி.மீ. பித்தளைக் குழாயில் பொருத்தி, பின்னால் ஐந்து நிமிஷத்தில் இறுகும் எப்பாக்சியை ஊற்றி, முன்னால் ஒரு அக்ரிலிக் துண்டை ஒட்டி, 6 மி.மீ. இரும்புத் தகட்டில் வைத்தேன். திரையில் கோயில் மணி அடித்தது. ஒரு துடிப்புக்கு 12 அலை, ஓய்வேனா என்றது.

இதை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால்: இரும்பில் சத்தம் ஒரு மைக்ரோவிநாடிக்கு 5.9 மி.மீ. போகும். 6 மி.மீ. தகட்டில் போய்த் திரும்ப 2 மைக்ரோவிநாடி. 5 மெகாஹெர்ட்ஸில் 12 அலை என்பது 2.4 மைக்ரோவிநாடி. முதல் சத்தமே ஓயாதபோது, எதிரொலி வந்து கதவைத் தட்டினாலும் கேட்காது. ரணமான தகட்டில் நான் தேடுவதோ 3 மி.மீ.

ஒரு பொருள் சத்தத்துக்குக் காட்டும் எதிர்ப்பு ஒலித்தடை, அதன் அலகு மெகாரேயல். இரண்டு பொருளின் ஒலித்தடை எவ்வளவு வேறுபடுகிறதோ அவ்வளவு சத்தம் எல்லையில் மோதித் திரும்பும். சில்லின் ஒலித்தடை 33 மெகாரேயல் அளவில். காற்றுடையது 0.0004. பின்னால் காற்று இருந்தால் சத்தம் முழுக்கச் சில்லுக்குள்ளேயே மோதி மோதித் திரும்பும். ப்ரோபை ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்துப் பார்த்தேன். சில்லின் முதுகில், எப்பாக்சிக்கும் வெள்ளிக்கும் நடுவில், அரைக் கடுகு அளவில் ஒரு குமிழி பளபளவென்று உட்கார்ந்திருந்தது. 3 மி.மீ. முகத்துக்கு அரைக் கடுகு என்பது மிகப் பெரிய இடம். சென்னை வெயிலில் ஐந்து நிமிஷ எப்பாக்சி மூன்று நிமிஷத்திலேயே கெட்டியாகிறது, குமிழி மேலே வர நேரமே இல்லை. வெறும் எப்பாக்சியும் 3 மெகாரேயல்தான் என்பதால் சத்தத்தை அதிகம் உறிஞ்சவும் உறிஞ்சாது.

வேண்டியது கனமான முதுகு. ஆன்லைனில் டங்ஸ்டன் பொடி 100 கிராம் வாங்கினேன். பொட்டலம் கையில் வந்தபோது காலியாக இருக்குமோ என்று நினைக்கிற அளவு சின்னது, தூக்கினால் திடுக்கிடுகிற கனம். இரவு முழுக்க இறுகும் ரக எப்பாக்சியில், எடையில் ஒன்றுக்கு ஐந்து பங்கு டங்ஸ்டன் கலந்தேன். கணக்குப்படி ஒலித்தடை 8 வரை ஏறும். பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரின் உறிஞ்சும் பக்கத்தை ஒரு ஊறுகாய் பாட்டில் மூடியில் பூட்டி, கலவையை உள்ளே வைத்துக் காற்றை இழுத்தேன். கறுப்புக் குழம்பு பொங்கிப் பொங்கி மேலே வந்து, நுரை உடைந்து, ஐந்தாறு நிமிஷத்தில் அமைதியாகியது. அதைத் தடித்த ஊசி சிரிஞ்சில் எடுத்து, சில்லின் ஒரு மூலையில் இருந்து மெதுவாக நிரப்பினேன். நடுவில் ஊற்றினால் ஓரத்தில் காற்றைச் சிறைபிடிக்கும்.

இரண்டாவது ப்ரோப் மணி அடிக்கவில்லை. ஆனால் மறுநாள் மீட்டர் வைத்தால் 40 ஓம். டங்ஸ்டன் அடியில் படிந்து, துகளும் துகளும் தொட்டுக்கொண்டு, சில்லின் முதுகுக்கும் பித்தளைக் குழாய்க்கும் பாலம் போட்டிருந்தது. மூன்றாவதில் குழாயின் உட்பக்கத்துக்கு முதலில் வெறும் எப்பாக்சி ஒரு பூச்சுக் கொடுத்துக் காயவைத்தேன். முதுகின் வால்பக்கத்தைச் சாய்வாக அறுத்தேன், கடைசி வரை போகும் சத்தம் நேராகத் திரும்பி வராமல் பக்கவாட்டில் சிதறட்டும் என்று. மூன்றே அலையில் ஓய்ந்தது. 0.6 மைக்ரோவிநாடி. 2 மி.மீ. தகடுவரை பிரித்துப் பார்க்கலாம்.

அதே மாதிரிச் சில்லு, அதே வயர், அதே துடிப்பு. முதுகு மட்டும்தான் மாறியது.

முகம்

முன்பக்கத்தில் சில்லு நேரடியாக இரும்பைத் தொடக் கூடாது, ஒரே நாளில் தேய்ந்துவிடும். பெயர்ப் பலகை செய்யும் கடையில் கேட்டு வாங்கிய அக்ரிலிக் கம்பியை, கொருக்குப்பேட்டையில் லேத் வைத்திருக்கும் அண்ணன் 5 மி.மீ. விட்டம், 8 மி.மீ. நீளத்துக்குக் கடைந்து, முனையைச் சற்றே குறுக்கிக் கொடுத்தார். அக்ரிலிக்கில் சத்தம் மெதுவாக, மைக்ரோவிநாடிக்கு 2.7 மி.மீ. வாக்கில் போகும். 8 மி.மீ. போய்வர கிட்டத்தட்ட 6 மைக்ரோவிநாடி. துடிப்பின் ஆரம்ப ஆர்ப்பாட்டம் எல்லாம் அந்த நேரத்தில் அடங்கிவிடும். அக்ரிலிக் முனையில் இருந்து வரும் எதிரொலியைப் பூஜ்யமாக வைத்து, அதற்கடுத்த எதிரொலிவரை எண்ணினால் தகட்டின் தடிமன். எஞ்சின் அறை மே மாதத்தில் எப்படிக் கொதிக்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியும். சூட்டில் அக்ரிலிக்கின் வேகம் மாறும். ஒவ்வொரு முறையும் அந்த முனையையே பூஜ்யமாக எடுத்துக்கொள்வதால் அது நம்மைப் பாதிப்பதில்லை.

சில்லையும் அக்ரிலிக்கையும் ஒட்டும் எப்பாக்சியின் தடிமன் அலைநீளத்தில் சிறு பின்னமாக இருக்க வேண்டும். தண்ணீர்போல் ஓடும் ரகத்தில் ஒரே ஒரு சொட்டு, வைத்து வட்டமாகத் தேய்த்து, மிச்சம் ஓரத்தில் பிதுங்கிய பிறகு கிளிப் போட்டு ராத்திரி முழுக்க விட்டுவிடுவது. முன்முகத்துச் செம்பு இழை நடுவில் மாட்டிக்கொண்டால் ஒட்டு தடித்து, ஒரு எதிரொலி இரட்டைத் திமிலாக வரும். அதனால் அக்ரிலிக்கின் ஓரத்தில் அரத்தால் ஒரு சின்னப் பள்ளம் போட்டு, இழையை அதில் படுக்க வைத்தேன். தொழிற்சாலை வெள்ளி உள்ள முகம்தான் முன்னால் வர வேண்டும். வெள்ளிப் பெயின்டை முன்னால் வைத்த ஒரு ப்ரோப், நான்கு நாளில் பெயின்டோடு உரிந்து கையில் வந்தது.

மின்னணுப் பகுதியை விரிவாக எழுதவில்லை. ஐஆர்எஃப்840 டிரான்சிஸ்டர் ஒன்றை வைத்து 150 வோல்ட்டில் ஒரு கூர்மையான துடிப்பு, வாங்கும் பக்கத்தில் முன்பின்னாக இரண்டு 1என்4148 டையோடு, ஒரு ஆம்ப்ளிஃபயர், பிறகு ஸ்கோப். லேத் அண்ணன் அதே மைல்டு ஸ்டீலில் 2, 4, 6, 8 மி.மீ. படிக்கட்டு ஒன்றும் வெட்டிக் கொடுத்தார். படகில் ஏறும்முன் அதில் வைத்துச் சரிபார்த்துவிடுவேன்.

படகில்

மே மூன்றாம் வாரம் காலை ஆறு மணிக்கெல்லாம் போனோம், இரும்பு காய்வதற்கு முன்னால். தொடும் இடத்தில் கிரீஸ். ஜெல் செங்குத்துத் தகட்டில் வழிந்துவிடுகிறது, கிரீஸ் நிற்கிறது, சத்தமும் நன்றாகப் போகிறது. பெரியவரும் சுத்தியலோடு வந்திருந்தார். புதிதாக இருந்தபோது 6 மி.மீ. பிளேட். நடுப்பகுதியில் 5.8, 5.6, 5.7 என்று வந்தது. அவர் வட்டம் போட்டிருந்த நான்கு இடத்தில் மூன்றில் 4க்குக் கீழே காட்டியது.

நான்காவது வட்டத்தில் எதிரொலியே வரவில்லை. உள்பக்கம் துரு ஏடு ஏடாக இருந்தால் சத்தம் நேராகத் திரும்பாது, சிதறிப்போகும். சென்சார் ஊமையான அந்த இடத்தைச் சுத்தியல்தான் சொன்னது. சுரண்டிப் பார்த்தபோது நகத்தால் பெயர்க்கிற பதத்தில் இருந்தது.

பிறகு எஞ்சின் பெட்டுக்குப் பின்னால் போனேன். தோளை ஒருக்களித்து, கையை முழங்கைவரை உள்ளே விட்டு, பென்சில்போல ப்ரோபைப் பிடித்தால் மூலையில் போய் உட்கார்ந்தது. ஸ்கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்த தம்பி 3.9 என்றான். எனக்கு அது திருப்தியாக இல்லை. அந்த இடத்தில் பழைய பெயின்ட் மூன்று நான்கு அடுக்கு இருந்தது. பெயின்டில் சத்தம் மெதுவாகப் போவதால் முதல் எதிரொலியை மட்டும் நம்பினால் தகடு அதிகத் தடிமனாகத் தெரியும். தகட்டின் அடியில் பட்டுத் திரும்பும் முதல் எதிரொலிக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் உள்ள நேரத்தை எடுத்தால் பெயின்ட் கணக்கில் இருந்து கழிந்துவிடும். இரண்டும் தனித்தனியாகத் தெரிய வேண்டுமானால் ப்ரோப் சீக்கிரம் ஓய வேண்டும். முதுகுக்குப் பட்ட பாடு இங்கேதான் பலன் கொடுத்தது. 1.05 மைக்ரோவிநாடி. அதாவது 3.1 மி.மீ.

டிரைவர் நம்பவில்லை. பெரியவரும் தலையை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, “மேல நல்லாத்தானே இருக்கு” என்றார். ஒரு கையளவு வெட்டி எடுத்தார்கள். வெர்னியரை வைத்தபோது 3.0. அடிப்பக்கம் அம்மைத் தழும்புபோலக் குழி. பெரியவர் அந்தத் துண்டை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, என் கையில் இருந்த ப்ரோபை வாங்கி, அதன் அக்ரிலிக் முனையைக் கட்டைவிரலால் தடவினார். “இத வச்சுத் தட்டவே வேணாமா?” என்றார். அவருக்கே அதைப் பிடித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்தேன். அரைமணி நேரத்தில், கிரீஸை எவ்வளவு வைக்க வேண்டும் என்பதில் என்னைவிட அவர் கை தேறிவிட்டது.

அந்த மூலையில் இரண்டடிக்கு ஒன்றரை அடி பிளேட் மாற்றினார்கள். ஜூன் 14 ராத்திரி ஐஸ் ஏற்றிக்கொண்டு கிளம்பியது படகு.

கையில் இப்போது இருப்பது: வேலை செய்யும் ப்ரோப் இரண்டு, மார்க்கர் புள்ளி வைத்த சில்லு நான்கு. முதல் ப்ரோபின் கனெக்டர் உப்புக் காற்றில் ஏற்கெனவே பச்சை பூத்துவிட்டது. அடுத்ததில் கனெக்டரே வைக்காமல் மெல்லிய கோஆக்ஸ் வயரை நேராக உள்ளேயிருந்து எடுத்து, வாயை எப்பாக்சியால் அடைக்கப்போகிறேன். முதுகுக் கலவையில் டங்ஸ்டனை ஒன்றுக்கு ஆறாக ஏற்றிப் பார்க்க ஒரு சில்லை ஒதுக்கி வைத்திருக்கிறேன். குழம்பு அதைவிடக் கெட்டியானால் சிரிஞ்சில் ஏறுமா என்பதுதான் இப்போதைய கேள்வி.